காற்றில் அளந்த தூரம்

டெல்லிக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே எவ்வளவு தூரம்? உலக உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் சுமார் 12,380 கிலோமீட்டர். ஏர் இந்தியா விமானம் மேற்கே திரும்பி, ஐரோப்பாவையும் அட்லாண்டிக்கையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பறந்த தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபர் 16 அன்று அதே ஊருக்குப் போக வேண்டிய போயிங் 777, வழக்கத்துக்கு மாறாகக் கிழக்கே கிளம்பியது. சீனா, ஜப்பான், பசிபிக் பெருங்கடல் என்று சுற்றிப் போனதில் தூரம் 15,300 கிலோமீட்டர் ஆனது. பழைய வழியைவிட 1,400 கிலோமீட்டர் அதிகம். சென்னையிலிருந்து கொல்கத்தா வரை பறக்கும் தூரம் அது. அப்படியிருந்தும் பதினான்கரை மணி நேரத்தில் போய் இறங்கியது. பழைய வழியில் ஆகும் நேரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு.

விமானம் வேகமாக ஓட்டப்படவில்லை. இன்ஜினை யாரும் கூடுதலாக முடுக்கவும் இல்லை. நீளமான வழியில் போன விமானம் எப்படி முந்தியது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால், இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே ‘தூரம்’ என்று நாம் சொல்வது எது என்பதையே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

முதலில் அந்த 12,380 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். அதற்கு நான்கு எண்கள் போதும். டெல்லி விமான நிலையம் வடக்கே 28.57 பாகை, கிழக்கே 77.10 பாகை. சான்பிரான்சிஸ்கோ விமான நிலையம் வடக்கே 37.62 பாகை, மேற்கே 122.38 பாகை. பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டை என்று எடுத்துக்கொண்டு, பள்ளியில் படித்த சைன், கொசைனைக் கொண்டு கணக்கிட்டால், பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது இந்த இரண்டு ஊர்களும் சுமார் 111.3 பாகை விலகியிருப்பது தெரியும். ஒரு பாகையில் 60 கலைகள். ஒரு கலையின் நீளமே ஒரு நாட்டிகல் மைல். விமானிகளும் மாலுமிகளும் இன்றுவரை அந்த அலகை விடாததற்குக் காரணம் இந்த வசதிதான். கோணம் தெரிந்தால் தூரமும் தெரிந்துவிடும். நம் கணக்கில் அது கிட்டத்தட்ட 6,680 நாட்டிகல் மைல்.

பூமி சரியான உருண்டை இல்லை. நிலநடுக்கோட்டுப் பக்கம் சற்றுப் பருத்து, துருவங்களில் தட்டையாக இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்க்க 1975-இல் தாடியஸ் வின்சென்டி ஒரு முறை வகுத்தார். அதில் பிழை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் உருண்டைக் கணக்கில் வரும் பிழையே அதிகம் போனால் நூற்றுக்கு அரை பங்குதான். விமானத்தின் பயண நேரத்தைக் கலைக்கும் மற்ற சங்கதிகளுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

இந்த மிகக் குறுகிய கோட்டுக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். டெல்லியில் அது கிளம்பும் திசையைப் பார்த்தால் யாருக்கும் வியப்பு வரும். கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. வடக்கிலிருந்து 16 பாகை மட்டும் கிழக்கே சாய்ந்து, நேராக இமயமலையை நோக்கிப் போகிறது. திபெத், மேற்குச் சீனா, கஜகஸ்தானின் கிழக்கு ஓரம், சைபீரியா என்று ஏறி, வடக்கே 75 பாகையைத் தாண்டி ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா வழியாகக் கலிபோர்னியாவுக்கு இறங்குகிறது. சுவரில் மாட்டும் உலகப் படத்தில் இதை வரைந்தால் வேண்டுமென்றே சுற்றிப் போவதுபோலத் தெரியும். 1569-இல் மெர்காட்டர் வரைந்த படமுறை துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை அகலமாக இழுத்துவிடுவதால் வரும் மயக்கம் அது. ஒரு பூகோள உருண்டையும் சிறிது நூலும் கிடைத்தால் வீட்டிலேயே சரிபார்க்கலாம். குழந்தைகளோடு செய்து பாருங்கள். நூல் தானாகவே வடக்கே வழுக்கிப் போய் நிற்கும்.

நூல் போகிற வழியில் விமானம் போக முடிவதில்லை. முதல் தடை திபெத் பீடபூமி. பல்லாயிரம் அடி உயரத்தில் கேபினுக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே சுமார் 3,000 மீட்டருக்கு இறக்க வேண்டும். அங்கேதான் முகமூடி இல்லாமல் மூச்சுவிட முடியும். திபெத்திலோ தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருக்கைக்கு மேலிருந்து தொங்கும் முகமூடியில் வரும் ஆக்சிஜன் பல விமானங்களில் கால் மணி நேரம், இருபது நிமிடத்துக்கு மேல் வராது. அதற்குள் தாழ்வான நிலத்துக்குப் போய்ச் சேர முடியாத இடத்தில் விமானத்தைத் திட்டமிடவே மாட்டார்கள்.

அடுத்தது, அவசரமாக இறங்க ஓர் இடம். இரண்டு இன்ஜின் விமானம் எந்த நிமிடத்திலும், ஒரே இன்ஜினோடு குறிப்பிட்ட நேரத்துக்குள் எட்டக்கூடிய ஒரு விமான நிலையத்தைக் கைவசம் வைத்துக்கொண்டேதான் பறக்க வேண்டும். இது காகிதத்தில் மட்டும் இருக்கும் விதி இல்லை. 2023 ஜூன் 6 அன்று இதே டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானம், 216 பயணிகளும் 16 பணியாளர்களுமாக ரஷ்யாவின் தூரகிழக்கில் பறந்துகொண்டிருந்தபோது ஓர் இன்ஜினில் கோளாறு ஏற்பட்டது. ஓகோட்ஸ்க் கடலோரத்து மகதான் நகரில் இறக்கினார்கள். மாற்று விமானம் போய் அவர்களைச் சான்பிரான்சிஸ்கோவுக்கு ஏற்றிச் சென்றது ஜூன் 8 அன்று. ரஷ்யாவின் தூரகிழக்கைக் கடக்கும் இந்த வழி எவ்வளவு ஆள் அரவமற்ற நிலங்களுக்கு மேலே போகிறது என்பது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது.

அதற்கும் மேலே அரசியல். வானம் எல்லாருக்கும் பொது என்பது தரையிலிருந்து பார்க்கும்போது வரும் எண்ணம். ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளி தன் நிலத்தைப் போலவே சொந்தம். இதன் பாதிப்பை ஹெல்சின்கி–டோக்கியோ வழியில் பார்ப்பதுபோல வேறெங்கும் பார்க்க முடியாது. நேர்த்தூரம் சுமார் 7,830 கிலோமீட்டர், பெரும்பகுதி ரஷ்யாவுக்கு மேலே. 1983-இல் ஃபின்ஏர் நிறுவனம் அங்கே இடைநில்லா விமானம் தொடங்கியபோது சோவியத் வான்வெளி திறந்திருக்கவில்லை. வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர 13 மணி நேரம் ஆனது. பிற்பாடு சைபீரிய வழி திறந்தது. பயணம் ஒன்பது, ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி வான்வெளி மறுபடி மூடியதும், அதே நிறுவனம் மறுபடி துருவத்துக்கு மேலே போகத் தொடங்கியது. மறுபடி அதே 13 மணி நேரம். நாற்பது ஆண்டுகளில் விமானங்கள் எவ்வளவோ மேம்பட்டும், அந்த இரண்டு ஊர்களுக்கு இடையிலான பயண நேரம் பழைய இடத்துக்கே வந்து நின்றது. இந்திய விமானங்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று. அமெரிக்கா செல்லும் சில விமானங்கள் எரிபொருளுக்காக ஐரோப்பாவில் நின்று போயின.

சரி, 2016-க்குத் திரும்புவோம். மலையும் அனுமதியும் சேர்ந்து விமானத்தைப் பெருவட்டக் கோட்டிலிருந்து விலக்கிவிடுகின்றன, விலகியது விலகியதுதான். மிச்சமிருப்பவை மேற்கு வழி 13,900, கிழக்கு வழி 15,300. எதைத் தேர்ந்தெடுப்பது?

விமானத்துக்குத் தரை தெரியாது என்பதை இங்கே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுபவர் துடுப்பு போடுவது தண்ணீரில். அந்தத் தண்ணீரையே ஆறு இழுத்துக்கொண்டு போகிறது. கரையில் நிற்பவருக்குத் தெரியும் வேகம் இரண்டும் சேர்ந்தது. விமானமும் அப்படித்தான். இறக்கை தாங்கி நிற்பதும் இன்ஜின் உந்தித் தள்ளுவதும் சுற்றியுள்ள காற்றை நம்பியே. போயிங் 777 நெடுந்தூரப் பயணத்தில் ஒலிவேகத்தில் 84 சதவீதத்தை ஒட்டிப் பறக்கும். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 56 டிகிரிக் குளிரில், ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கிலோமீட்டர். அதில் 84 சதவீதம் என்றால் சுமார் 890. காற்றுக்குள் விமானம் நகரும் வேகம் இதுதான். எந்தத் திசையில் போனாலும், எந்த மாதத்தில் போனாலும் இதில் பெரிய மாற்றம் இருக்காது.

இப்போது கணக்கைப் போடலாம். கிழக்கு வழியில் பதினான்கரை மணி நேரம், மணிக்கு 890 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 12,900. ஏற்ற இறக்கத்தில் வேகம் குறைவதை விட்டுவிட்டு, தோராயமாகச் சொன்னால், விமானம் காற்றுக்குள் கடந்தது 12,900 கிலோமீட்டர்தான். தரையில் அதன் நிழல் போனது 15,300. மிச்சம் 2,400 கிலோமீட்டரைக் காற்றே சுமந்துபோய்க் கொடுத்திருக்கிறது; அதாவது வழி நெடுக மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேல் பின்காற்று. மேற்கு வழியில் இரண்டு மணி நேரம் கூட, அதாவது பதினாறரை மணி நேரம் என்று வைத்தால், காற்றுக்குள் கடக்க வேண்டியது 14,700 கிலோமீட்டர் வாக்கில் வருகிறது. தரையில் 13,900-தான், மிச்சம் எதிர்க்காற்றுக்குக் கொடுத்த வரி.

ஆக, பசிபிக் வழி நீளமான வழியே இல்லை. விமானம் வாழ்கிற காற்றில் அளந்தால் அதுதான் 1,800 கிலோமீட்டர் குறைவான வழி. வரைபடத்தில் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு ‘இதுதான் தூரம்’ என்று சொல்லும்போது நாம் அளப்பது தரையை. விமானத்தின் எரிபொருளும் நேரமும் செலவாவது காற்றில். நெடுந்தூரப் பயணத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் போதும், மற்றதெல்லாம் இதிலிருந்தே வந்துவிடும் என்பது என் எண்ணம். இந்த விமானம் மணிக்கு ஏழு டன் வாக்கில் எரிபொருள் குடிப்பது. இரண்டு மணி நேரம் குறைந்தால் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: பூமிதான் மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறதே, அப்படியானால் மேற்கே பறக்கிற விமானத்தை நோக்கி ஊர் தானாகவே வராதா? நல்ல கேள்வி. வராது, ஏனென்றால் பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது, சென்னையில் 1,627. ஓடுபாதையில் நிற்கிற விமானத்துக்கும் அதைச் சூழ்ந்த காற்றுக்கும் அந்த வேகம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் சுழற்சியிலிருந்து நேரடியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

ஆனால் மறைமுகமாக உண்டு, அதுவும் பிரமாண்டமாக. நிலநடுக்கோட்டில் சூடேறி மேலெழும் காற்று உயரத்தில் துருவங்களை நோக்கி நகர்கிறது. கிளம்பும்போது அதன் கிழக்கு நோக்கிய வேகம் 1,670. 30-ஆவது அட்சரேகைக்கு வரும்போது கீழே தரை 1,446 வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சுழல் அச்சுக்கு நெருங்கி வந்துவிட்ட காற்று, கோண உந்தம் மாறாமல் இருக்க, 1,670-க்கும் மேலே, சுமார் 1,930 வரை வேகம் கூட வேண்டும். வித்தியாசம் மணிக்கு 480 கிலோமீட்டர். உராய்வும் சுழல்களும் இதில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. ஆனாலும் எஞ்சியதே ஓர் ஆறாகப் பாய்கிறது. இதுதான் ஜெட் காற்று. டெல்லி இருப்பது 28.6 பாகையில். குளிர்காலத்தில் இந்தக் காற்று வட இந்தியாவுக்கு மேலே ஓடுகிறது; அங்கிருந்து கிழக்கே சீனாவைக் கடந்து, ஜப்பானுக்கு மேலே வரும்போது உச்ச வேகம் எடுக்கிறது. அங்கே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம்.

அதை முதலில் அளந்தவரும் ஜப்பானியரே. டோக்கியோவுக்கு வடகிழக்கே தாதேனோ வானாய்வகத்தில் இருந்த வசாபுரோ ஓயிஷி, 1920-களில் பலூன்களை மேலே விட்டு, தொலைநோக்கியால் தொடர்ந்து பார்த்துக் கண்டறிந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926-இல் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அந்த மொழி உலக மொழியாகவில்லை. அறிக்கையும் படிப்பாரற்றுக் கிடந்தது. 1944-இன் இறுதியில் ஜப்பானுக்கு மேலே உயரப் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானிகள் இந்தக் காற்றில் சிக்கி இலக்குத் தவறியபோது அவர்களுக்கு அது புதிராக இருந்தது. அறிவியலில் ஒரு கண்டுபிடிப்பு நடப்பது வேறு, அது போய்ச் சேருவது வேறு. ஓயிஷிக்கு உரிய பெயர் மிகத் தாமதமாகவே கிடைத்தது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. 1952 நவம்பரில் பான்ஆம் நிறுவனம் டோக்கியோவிலிருந்து ஹொனலூலுவுக்கு இந்தக் காற்றில் ஏறிப் பறந்து, 18 மணி நேரப் பயணத்தைப் பதினொன்றரை மணி நேரமாகக் குறைத்தது. அட்லாண்டிக்கிலும் இதே கதை: 2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, நியூயார்க்கில் கிளம்பிய ஒரு போயிங் 747 நான்கு மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரையை வைத்து அளந்தால் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,327 கிலோமீட்டர். காற்றுக்குள் அது ஒலிவேகத்தைத் தாண்டவே இல்லை.

தெற்கே நமக்கு வேறொரு காற்று. தென்மேற்குப் பருவ மாதங்களில், ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையில், உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று ஓடுகிறது. இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் அதை விவரித்து எழுதினார். அதன் உச்சம் பயணிகள் விமானங்கள் பறப்பதற்கும் மேலே இருக்கிறது. இருந்தாலும் அதன் கீழ்விளிம்பு வழியில் படவே செய்யும்.

‘போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்று, இரண்டும் சரிக்குச் சரி’ என்று தோன்றும். அது தவறு. 9,000 கிலோமீட்டர் பயணம், விமான வேகம் 900, காற்று 100 என்று வையுங்கள். காற்றே இல்லாவிட்டால் போக வர 20 மணி நேரம். காற்று இருந்தால் ஒரு பக்கம் 9 மணி, மறுபக்கம் 11 மணி 15 நிமிடம். கூட்டினால் கால் மணி நேரம் அதிகம். எதிர்க்காற்றில் விமானம் கூடுதல் நேரம் மாட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். காற்று எவ்வளவு கூடினாலும் ஒரே வழியில் போய் வருபவருக்கு நட்டம்தான். டெல்லி–சான்பிரான்சிஸ்கோ போன்ற வழிக்கு மட்டும் இதிலிருந்து தப்ப ஒரு வாசல் இருக்கிறது. இரண்டு ஊர்களும் உலகின் எதிரெதிர்ப் பக்கம் இருப்பதால், போகும்போது கிழக்கே பசிபிக், திரும்பும்போதும் கிழக்கே அட்லாண்டிக் என்று பூமியையே ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முறையும் காற்றை முதுகில் வாங்கலாம்.

எந்த வழி என்பதை முடிவு செய்வது அன்றன்றைய வேலை. 1931-இல் கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் செர்மெலோ, மாறுகிற காற்றில் ஓர் ஆகாயக் கப்பல் மிகக் குறைந்த நேரத்தில் போய்ச் சேர எந்தத் திசையில் திரும்பிக்கொண்டே போக வேண்டும் என்று ஒரு கணக்கைத் தீர்த்தார். இன்று விமான நிறுவனங்களில் வழியைத் திட்டமிடும் டிஸ்பாட்சர்கள் அதன் வழிவந்த கணக்கையே கணினியில் போடுகிறார்கள். லண்டன், வாஷிங்டன் என்று பெயர் கொண்ட இரண்டு உலக முன்னறிவிப்பு மையங்கள் உயர்மட்டக் காற்று எப்படியிருக்கும் என்று கணித்துத் தருகின்றன. கிளம்பச் சில மணி நேரத்துக்கு முன் வழி, உயரம், எரிபொருள் எல்லாம் முடிவாகும். நேற்றுப் போன அதே விமானம் இன்று நூறு கிலோமீட்டர் தள்ளிப் போகலாம்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்தது முதல் போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை போடும் வரை உள்ள நேரம் அது; பிளாக் டைம் என்பார்கள். சென்னை–மதுரை சுமார் 420 கிலோமீட்டர். ஜெட் வேகத்தில் அரை மணி நேரம். அட்டவணையிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, ஏறுவது, இறங்குவது, இறங்கும் திசைக்குச் சுற்றி வருவது எல்லாம் சேர்ந்து பறப்பதற்கு இணையாகிவிடும். டெல்லிக்கு டிசம்பர், ஜனவரிப் பனிமூட்டம். சென்னைக்குப் போகி அன்று காலைப் புகை. சான்பிரான்சிஸ்கோவில் கடல்மேகம் தாழ்ந்து வந்தால், 230 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு இணை ஓடுபாதைகளில் விமானங்கள் பக்கம்பக்கமாக இறங்க முடியாமல் வரிசை நீண்டுவிடும். இதற்கெல்லாம் சேர்த்தே நிறுவனங்கள் நேரம் ஒதுக்குகின்றன.

கடிகாரம் இன்னொரு குழப்பம். அந்த 2016 விமானம் டெல்லியில் அதிகாலை 4 மணி வாக்கில் கிளம்பி, சான்பிரான்சிஸ்கோவில் அதே தேதி காலை 6 மணி வாக்கில் இறங்கியது. இரண்டு மணி நேரப் பயணம்போலத் தெரியும். நடுவில் பசிபிக்கில் தேதிக் கோட்டைத் தாண்டியபோது நாள்காட்டி ஒரு நாள் பின்னுக்குப் போய், சிறிது நேரத்தில் மறுபடி 16-ஆம் தேதி பிறந்தது. டெல்லிக்கும் அங்கும் அப்போது பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அதைக் கூட்டினால்தான் உண்மையான பதினான்கரை கிடைக்கும்.

உங்கள் அடுத்த டிக்கெட்டை வைத்தே இந்தக் காற்றை அளக்க முடியும். சென்னை–லண்டன் சுமார் 8,230 கிலோமீட்டர். நேர வித்தியாசத்தைக் கழித்து, தரையில் ஊர்கிற அரை மணியையும் கழித்த பிறகு, போக 10 மணி 30 நிமிடம், வர 9 மணி 30 நிமிடம் என்று வந்தது என வைத்துக்கொள்வோம். தூரத்தை இரண்டாலும் வகுத்தால் 784, 866. வித்தியாசத்தில் பாதி 41: அந்த வழியில் மேற்கிலிருந்து வீசும் காற்றின் சராசரி, மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர். போகிற வழியும் வருகிற வழியும் சரியாக ஒன்றாக இருப்பதில்லை என்பதால் இது தோராயம்தான். இதே கணக்கை ஜனவரி அட்டவணையிலும் ஜூலை அட்டவணையிலும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் ஜெட் காற்று வலுப்பதும் கோடையில் அது தளர்ந்து வடக்கே நகர்வதும் நிமிடக் கணக்கில் தெரிய வரும்.